நம்ம முகம் படத்தில் சரியாக விழ

மஸ்கெலியா ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் ஒன்று சேர்ந்து களனி கங்கையாகி, கித்துல்கல, அவிசாவளை, கடுவலை எல்லாம் தாண்டி, கடைசியில் கடலில் விழுகிற இடந்தான் கொழும்பு முகத்துவாரம். நம்ம மலையில் பெய்கிற மழையில் ஒரு பங்கு அங்கேதான் போய்ச் சேருகிறது. கொழும்புக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளிலும் ஒரு பங்கு அந்தப் பக்கந்தான். அவர்களைப் பார்க்கத் தோட்டத்திலிருந்து இறங்கிப் போகிற தாய் தகப்பன், பொழுது சாய்கிற நேரத்தில் கடற்கரைக்குப் போய், கடலைப் பின்னால் வைத்து ஒரு படம் எடுத்துக்கொண்டுதான் திரும்புவார்கள்.

என் அண்ணன் முகத்துவாரத்தில் ஒரு கடையில் வேலை செய்த காலத்தில் நாங்களும் அப்படித்தான் ஒரு படம் எடுத்தோம். இரவல் வாங்கிய டிஜிட்டல் கமரா. வானம் செக்கச் சிவந்திருந்தது. மீன்பிடி வள்ளங்கள் நின்றன. அம்மா நல்ல சேலை கட்டி, தலை வாரி, கடலுக்கு முதுகு காட்டி நின்றார். நான் பட்டனை அழுத்தினேன். பின்னால் உள்ள சின்னத் திரையில் அம்மாவுக்குக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “ஏன் தம்பி, கடல் எல்லாம் நல்லாத்தான் விழுந்திருக்கு. ஏம் மூஞ்சிதான் விழல.”

உண்மைதான். வானம் அழகு, வள்ளம் அழகு, அம்மா மட்டும் கரிக்கட்டை. கமரா பழுது என்று அன்றைக்கு நினைத்தேன். பழுது கமராவில் இல்லை. அதற்கு ஒரு விஷயத்தைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியாமல் இருந்தது. அதைத்தான் இந்த இதழில் பார்க்கப் போகிறோம். கமரா இல்லாதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கையில் இருக்கிற போனுக்கும் இதே பாடந்தான்.

பீலியும் குடமும்

படம் என்பது வெளிச்சத்தைப் பிடித்து வைப்பது. பீலியில் தண்ணீர் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் நிறைவது இரண்டு காரியங்களைப் பொறுத்தது: குழாயின் வாய் எவ்வளவு அகலம், எவ்வளவு நேரம் பிடிக்கிறோம். கமராவிலும் அப்படியே. கண்ணாடிக்குள் இருக்கிற துவாரத்தின் அகலத்தை அபெர்ச்சர் என்கிறார்கள். அது திறந்திருக்கிற நேரம் ஷட்டர் வேகம்.

மூன்றாவதாக ஐ.எஸ்.ஓ. என்று ஒரு எண் உண்டு: 100, 200, 400, 800 என்று இரட்டித்துப் போகும். குடத்துக்குப் பதில் செம்பை வைத்தால் சீக்கிரம் நிறையும். ஆனால் கிடைக்கிற தண்ணீர் கொஞ்சந்தான். ஐ.எஸ்.ஓ. எண்ணைக் கூட்டுவதும் இதுபோலத்தான். கொஞ்ச வெளிச்சத்திலேயே படம் கிடைத்துவிடும். ஆனால் மேலே மணல் தூவியதுபோல் பொடிப்பொடியாகத் தெரியும். லயத்துக் காம்பராவுக்குள் இராத்திரியில் எடுக்கிற படங்களில் அந்த மணலைப் பார்த்திருப்பீர்கள்.

இந்த மூன்றையும் இப்போதைய கமரா தானே கணக்குப் போட்டு வைத்துவிடும். நம்ம கரைச்சல் ஆரம்பிப்பது அந்தக் கணக்கில்தான்.

கமரா போடுகிற தப்புக் கணக்கு

கமராவுக்குள் வெளிச்சத்தை அளக்கிற ஒரு கருவி இருக்கிறது. அதற்கு முகம் வேறு, வானம் வேறு என்ற வித்தியாசம் இயல்பாகத் தெரியாது. கண்ணுக்கு முன்னால் உள்ள எல்லாவற்றையும் கூட்டிக் கலக்கினால் ஒரு நடுத்தரச் சாம்பல் நிறம் வரும் என்று நம்பித்தான் அதைச் செய்திருக்கிறார்கள். விழுகிற வெளிச்சத்தில் நூற்றுக்குப் பதினெட்டுப் பங்கைத் திருப்பியனுப்புகிற சாம்பல் என்று படக்காரர்கள் அதைச் சொல்வார்கள். எதைக் காட்டினாலும் அந்தச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். தராசைப் பார்க்காமல், எல்லாக் கூடைக்கும் ஒரே நிறையைப் போட்டுவிட்டுப் போகிற கணக்கப்பிள்ளை மாதிரி.

தேயிலை மலை நல்ல வெயிலில் கிட்டத்தட்ட அந்த நடுத்தரத்தில்தான் இருக்கும். அதனால் கொழுந்து எடுக்கிற படங்கள் பெரும்பாலும் தப்புவதில்லை. பனி மூட்டத்தில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை வெளேரென்று இருந்த பனி, படத்தில் அடுப்புச் சாம்பல் மாதிரி மங்கிப் போயிருக்கும். கமரா வெள்ளையைப் பார்த்து, ‘இவ்வளவு வெளிச்சமா, கூடிப்போச்சு’ என்று குறைத்துவிட்டது. முகத்துவாரத்திலும் நடந்தது இதுதான். பெரிய வானம், மின்னுகிற கடல், நடுவில் அம்மா. வானத்துக்குக் கணக்குச் சரியாக வந்தது. அம்மா கணக்கிலேயே சேரவில்லை.

இதற்கு நேர்மாறும் உண்டு. திருவிழா இரவில் தேர் வருகிறது. சுற்றிலும் இருட்டு. கமரா இருட்டைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். சாமி முகம் வெளுத்துப் போய் ஒன்றும் தெரியாது.

கூட்டல் கழித்தல் பட்டன்

அநேகமாக எல்லா டிஜிட்டல் கமராக்களிலும் கூட்டல் அடையாளமும் கழித்தல் அடையாளமும் சேர்ந்து போட்ட ஒரு பட்டன், அல்லது மெனுவுக்குள் அதே அடையாளம் இருக்கும். அதை அழுத்தினால் நடுவில் 0, இடப்பக்கம் கழித்தல் 1, 2, வலப்பக்கம் கூட்டல் 1, 2 என்று ஒரு கோடு தெரியும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே மூன்றில் ஒரு பங்கு, மூன்றில் இரண்டு பங்கு என்று சின்னப் படிகள் உண்டு. கூட்டல் 1 என்றால் கமரா நினைத்ததைவிட இரண்டு மடங்கு வெளிச்சம். கூட்டல் 2 என்றால் நாலு மடங்கு. கழித்தல் 1 என்றால் பாதி.

இந்தப் பட்டன் சும்மா ‘ஓட்டோ’ என்று பச்சையில் இருக்கிற நிலையில் பல கமராக்களில் வேலை செய்யாது. மேலே உள்ள வட்டை ‘பி’ எழுத்துக்குத் திருப்பிக்கொள்ளுங்கள். இது தெரியாமல் ஒரு வருஷம் அந்தப் பட்டனை வீணாக அழுத்திக்கொண்டிருந்தவன் நான்.

என் பழக்கத்தில் வந்த கணக்கைச் சொல்கிறேன். பனி மூட்டத்தில் கூட்டல் 1. பிரகாசமான வானத்தை முதுகில் வைத்து ஆள் நின்றால் கூட்டல் 1 முதல் 2 வரை. வானம் கொஞ்சம் வெளுத்துப்போகும், போகட்டும். வெள்ளைச் சீருடையில் பிள்ளைகள் வரிசையாக நின்றால் கூட்டல் மூன்றில் இரண்டு. அதற்கு மேல் போனால் சட்டையில் மடிப்பே தெரியாமல் வெள்ளைத் தாள் மாதிரி ஆகிவிடும். இரவில் விளக்கு வெளிச்சத்தில் தேர், மேடை என்றால் கழித்தல் 1. எடுத்து முடிந்ததும் திரும்ப 0க்குக் கொண்டுவர மறக்கக்கூடாது. மறந்தால் அடுத்த நாள் படம் எல்லாம் கெட்டுப்போகும்.

வெளிச்சத்தைக் கூட்டச் சொன்னால் கமரா துவாரத்தை அதிக நேரம் திறந்து வைக்கப் பார்க்கும். அந்த நேரத்தில் கை ஆடினால் படம் கலங்கும். ஷட்டர் எண் அறுபதில் ஒரு பங்கு விநாடிக்குக் கீழே இறங்கினால் ஐ.எஸ்.ஓ.வை 400க்கோ 800க்கோ ஏற்றுங்கள். அல்லது முழங்கையைச் சுவரில் ஊன்றிக்கொள்ளுங்கள். மணல் கொஞ்சம் இருந்தாலும் முகம் தெரிகிற படமே மேல்.

எடுத்த படம் சரியா என்று பார்க்கத் திரையை மட்டும் நம்ப வேண்டாம். வெயிலில் திரை மங்கித் தெரியும், இருட்டில் பளிச்சென்று தெரியும். ஹிஸ்டோகிராம் என்று மலை வடிவில் ஒரு வரைபடம் வரும். மலை வலது ஓரத்தில் முட்டி நின்றால் வெள்ளைப் பகுதிகள் எரிந்துவிட்டன. இடது ஓரத்தில் முட்டினால் கறுப்பில் உள்ளதெல்லாம் அமுங்கிவிட்டது. எரிந்த வெள்ளையைப் பிறகு யாராலும் மீட்க முடியாது. அமுங்கிய கறுப்பைக் கொஞ்சம் மீட்கலாம், மணலோடு.

அப்புறம், செலவில்லாத ஒரு வழி. முகத்துவாரம் மேற்குக் கடல். சாயங்காலம் கடலுக்கு முதுகு காட்டி நின்றால் சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். அதே இடத்தில் காலையில் நின்றால் வெளிச்சம் நேரே முகத்தில் விழும். அம்மாவை மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போயிருந்தால் எந்தப் பட்டனும் தேவைப்பட்டிருக்காது. சாயங்காலந்தான் முடியும் என்றால் ஆளைப் பக்கவாட்டில் திருப்பி நிறுத்துங்கள். அல்லது இரண்டு மூன்று மீற்றர் தூரத்துக்குள் நின்று, பகலாக இருந்தாலும் பிளாஷைப் போடுங்கள்.

கறுப்பு முகமும் கொடாக் பில்மும்

கமராக்காரர்களின் தப்புக் கணக்கு இன்று நேற்று வந்ததல்ல. கலர் பில்ம் பரவிய 1950களில் கொடாக் கம்பனி, படம் கழுவுகிற இடங்களுக்கு ஒரு மாதிரி அட்டையை அனுப்பிவந்தது. அதில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படம். முதலில் அதற்கு நின்ற பெண்ணின் பெயரை வைத்து அதை ‘ஷேர்லி அட்டை’ என்றே அழைத்தார்கள். அந்தப் பெண்ணின் தோல் நிறம் சரியாக வந்தால் எல்லாம் சரி என்பது கணக்கு. கறுப்புப் பிள்ளைகளும் வெள்ளைப் பிள்ளைகளும் சேர்ந்து நின்ற பள்ளிக்கூடப் படங்களில், கறுப்புப் பிள்ளைகளின் கண்ணும் பல்லும் மட்டுந்தான் தெரிந்தன. தாய்மார் முறையிட்டார்கள். கொடாக் பின்னாளில் தன் பில்மைத் திருத்தியபோது அதற்குப் பெரிய காரணமாக இருந்தது அந்தத் தாய்மாரின் முறைப்பாடு அல்ல. சொக்லட் செய்கிறவர்களும் மரத் தளபாடம் விற்கிறவர்களும், தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் படத்தில் வித்தியாசமாகத் தெரியவில்லை என்று குறை சொன்னார்களாம். மனிதர் முகத்துக்கு இல்லாத மரியாதை சொக்லட்டுக்குக் கிடைத்தது.

டிஜிட்டல் வந்த பிறகும் இது முழுதாகத் தீரவில்லை. 2021இல் கூகிள் தன் பிக்சல் 6 போனில் கறுத்த, மாநிற முகங்களையும் உள்ளபடி காட்டுவதற்கென்று ‘ரியல் டோன்’ என்ற ஏற்பாட்டைச் செய்தது. அவ்வளவு காலத்துக்குப் பிறகும் அதைத் தனியாக ஒரு வேலையாகச் செய்ய வேண்டியிருந்தது.

அம்மா கதைக்கு வருகிறேன். முகம் விழாத அந்தப் படத்துக்குப் பிறகு, ஒரு ஸ்டூடியோவில் அம்மாவைத் தனியாக ஒரு படம் எடுத்தோம். அவர்கள் கம்பியூட்டரில் வெளுக்க வைத்துக் கொடுத்தார்கள். மூக்கின் பக்கத்தில் இருந்த மருவைக் காணோம். நெற்றியில் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி விழுந்த தடத்தையும் காணோம். அம்மா பார்த்துவிட்டு, “இது யாரு, துரைசாணி மாதிரி இருக்கு?” என்று சிரித்தார். நாங்களும் சிரித்தோம்.

அம்மா இறந்த அன்று, வீட்டில் மாலை போட்டு வைக்க ஒரு படம் தேடினோம். இருந்தது இந்த இரண்டுந்தான். ஒன்றில் கரி, மற்றதில் மா. முப்பத்தோராம் நாள் அட்டையில் துரைசாணி படத்தைத்தான் போட்டோம். பேரப்பிள்ளைகளுக்கு அம்மாச்சி என்றால் இன்றைக்கும் அந்த வெள்ளை முகந்தான்.

நிறத்தையும் அழுத்தத்தையும் மாற்றுகிற மெனு

வெளிச்சம் சரியானாலும் படம் எப்படிச் ‘சமைக்கப்படுகிறது’ என்று இன்னொன்று இருக்கிறது. கெனன் கமராவில் இதன் பெயர் பிக்சர் ஸ்டைல். 2005இல் வந்தது. நிக்கொனில் பிக்சர் கொன்ட்ரோல். சோனியில் முன்பு கிரியேட்டிவ் ஸ்டைல், இப்போதைய கமராக்களில் கிரியேட்டிவ் லுக். பெயர்தான் வேறு. ஒரே கொழுந்தை எப்படி அரைத்துச் சலிக்கிறோம் என்பதைப் பொறுத்துத் தூளின் தரம் மாறுகிற மாதிரி, ஒரே வெளிச்சத்தை வைத்துக்கொண்டு கமரா பலவிதமாகப் படம் செய்து தருகிறது.

ஸ்டான்டர்ட் என்பது எல்லாவற்றுக்கும் பொது. கொஞ்சம் அழுத்தமாக இருக்கும். லேன்ட்ஸ்கேப் பச்சையையும் நீலத்தையும் தூக்கிக் காட்டும். தேயிலை மலைக்கு நல்லதுதானே என்று போட்டால் மலை பிளாஸ்டிக் மாதிரி ஆகும், நடுவில் நிற்கிற ஆளின் முகம் கடினமாகத் தெரியும். ஆள் இல்லாத மலைக்கு மட்டும் போடுங்கள். போர்ட்ரெய்ட் முகத்தை மென்மையாக்கும். ஆனால் சில கமராக்களில் ஒரு இளஞ்சிவப்புச் சாயல் ஏற்றிவிடும், அது நம்ம நிறத்தில் ஒட்டாது. நியூட்ரல் அடக்கமானது. பார்க்கச் சப்பென்று இருந்தாலும் முகத்தில் உள்ளது உள்ளபடி இருக்கும். மொனோகுரோம் கறுப்பு வெள்ளை.

இவற்றுள் எதை எடுத்தாலும் உள்ளே போய்க் கூர்மை, கொன்ட்ராஸ்ட், நிறத்தின் அடர்த்தி, நிறச் சாயல் என்று நாலையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். நமக்கு முக்கியமானது கொன்ட்ராஸ்ட். அதாவது வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள இடைவெளி. அதைக் கூட்டினால் வெள்ளை இன்னும் வெள்ளை, கறுப்பு இன்னும் கறுப்பு. வெள்ளைச் சீருடை போட்ட கறுத்த பிள்ளைக்கு இது சத்துரு. சட்டையும் எரியும், முகமும் அமுங்கும். ஆகவே ஸ்டான்டர்ட் அல்லது நியூட்ரல் வைத்து, கொன்ட்ராஸ்டை ஒன்று அல்லது இரண்டு குறைத்து, வெளிச்சத்தை மூன்றில் இரண்டு கூட்டிப் பாருங்கள். சட்டையில் மடிப்பும் இருக்கும், கன்னத்தில் மினுக்கமும் இருக்கும். நிறச் சாயலைச் சும்மா விடுங்கள். அதை மாற்றினால் முகம் ஒருபக்கம் சிவக்கும், ஒருபக்கம் மஞ்சளாகும்.

முகத்தின் நிறம் கெடுவதற்கு வைட் பெலன்சும் ஒரு காரணம். நீலத் தரப்பாள் கட்டின வாசலில் நின்றால் முகம் நீலம் பூத்துப் போகும். அதை எந்த ஸ்டைலாலும் திருத்த முடியாது. தரப்பாளுக்கு வெளியே இரண்டு அடி வந்து நில்லுங்கள், அவ்வளவுதான்.

ஒன்று கவனம். இந்த ஸ்டைல் எல்லாம் ஜேபெக் என்ற சாதாரணப் படத்தில் அப்படியே உறைந்துவிடும். சில கமராக்களில் ‘ரோ’ என்று ஒரு வகை இருக்கிறது. அது சமைக்காத அரிசி மாதிரி. ஸ்டைலையும் வைட் பெலன்சையும் வீட்டுக்கு வந்து கம்பியூட்டரில் மாற்றிக்கொள்ளலாம், அமுங்கிய முகத்தையும் கூடுதலாக மீட்கலாம். கார்ட்டில் இடம் அதிகம் பிடிக்கும். அன்றைக்கு முகத்துவாரத்தில் ரோவில் எடுத்திருந்தால் அம்மாவின் முகத்தைப் பெரும்பாலும் எடுத்திருக்கலாம். ஜேபெக்கை வைத்து முயன்று பார்த்தேன். மூக்கும் கண்ணும் மணலுக்குள்ளிருந்து மங்கலாக எட்டிப் பார்த்தன.

போன் வைத்திருப்பவர்களுக்கு

போனில் திரையில் தெரிகிற முகத்தின்மேல் விரலால் தொடுங்கள். ஒரு சின்னச் சூரியன் அடையாளமோ கோடோ வரும். அதை மேலே இழுத்தால் வெளிச்சம் கூடும், கீழே இழுத்தால் குறையும். கூட்டல் கழித்தல் பட்டன் இதுதான். அதோடு ‘பியூட்டி’ என்று இருப்பதை முழுவதும் அணைத்துவிடுங்கள். போன் வாங்கும்போதே அது போட்டிருக்கும். எங்க வீட்டுப் பிள்ளைகளின் போனில் அணைத்தபோது, “ஐயோ மாமா, கறுப்பா விழும்!” என்று சண்டைக்கு வந்தார்கள். கறுப்பாக இருக்கிறவர்கள் கறுப்பாக விழுவதில் என்ன குற்றம் என்று கேட்டேன். இன்னும் பதில் வரவில்லை.

அடையாள அட்டைக்கும் பாஸ்போட்டுக்கும் ஸ்டூடியோவில் எடுக்கும்போதும் சும்மா இருக்காதீர்கள். பாஸ்போட் படங்களுக்கான சர்வதேச விதியே தோலின் நிறம் இயற்கையாகத் தெரிய வேண்டும் என்பதுதான். “வெள்ளையாக்க வேணாம் தம்பி, மருவ எடுக்க வேணாம்” என்று வாய் விட்டுச் சொல்லுங்கள்.

பொகவந்தலாவையில் ஒரு கல்லறை

பொகவந்தலாவை சென் மேரிஸ் கோயில் தோட்டத்தில் ஜூலியா மார்கரட் கெமரன் என்ற பெண்மணியின் கல்லறை இருக்கிறது. பக்கத்துத் தோட்டத்தார் பலருக்கே அது தெரியாது. உலகில் பேர்போன படப்பிடிப்பாளர்களில் ஒருவர். 1875இல் இங்கிலாந்திலிருந்து இலங்கைக்கு வந்தார். 1879 ஜனவரியில் டிக்கோயாப் பக்கம் கிளன்கேன் தோட்டத்தில் இறந்தார். இங்கே இருந்த காலத்தில் களுத்துறையிலும் தோட்டங்களிலும் உழைக்கிற சனங்களைக் கண்ணாடித் தகட்டில் படம் பிடித்தார். அந்தத் தகட்டுக்கு நீலம்தான் நன்றாகத் தெரியும். சிவப்பும் பழுப்பும் தெரியாது. ஆகவே மாநிற முகங்களும் அதில் உண்மையைவிடக் கறுத்தே விழுந்தன. பல விநாடிகள் அசையாமல் நின்று, அப்படி விழுந்த முகங்களை இன்றைக்கும் வெளிநாட்டுக் காட்சிச்சாலைகளில் வைத்திருக்கிறார்கள். நின்றவர்கள் யார் என்று பார்த்தால், பெரும்பாலான படங்களில் பெயரே எழுதப்படவில்லை.

பயிற்சி

இந்த வாரம் வீட்டில் வயதான ஒருவரை, காலை எட்டு மணிக்கு முன் வாசலில், முகத்தில் வெளிச்சம் விழ உட்கார வையுங்கள். ஒரே இடத்திலிருந்து ஐந்து படம்: கழித்தல் 1, 0, கூட்டல் மூன்றில் இரண்டு, கூட்டல் 1, கூட்டல் 2. பிறகு 0இல் வைத்துக்கொண்டு ஸ்டான்டர்ட், போர்ட்ரெய்ட், நியூட்ரல் மூன்றிலும் ஒவ்வொன்று. எட்டுப் படத்தையும் அவரிடமே காட்டி, “இதுல எது நீங்க?” என்று கேளுங்கள். அவர் தொட்டுக் காட்டுகிற படத்தைப் போனிலேயே வைத்திருக்காமல் பிரதி போட்டு எடுங்கள். பின்பக்கத்தில் பேர், தோட்டம், டிவிசன், வருஷம் நாலையும் பென்சிலால் எழுதி வையுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறி முன்பக்கம் வந்துவிடும்.